கீழ் நம்பர்

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. நீலகிரியில் நடுவட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷமாக டீ மேக்கராக இருக்கிறேன். பச்சை இலை லாரியிலிருந்து இறங்குவது முதல் தூளாகிச் சாக்குக்குள் போவது வரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவன் நான். இலை வாடுகிற மாடியில் நின்றால் கீழே டிரையரில் ஏதோ கருகுகிற மாதிரி இருக்கும். டிரையரிடம் போனால் மாடியில் இலை சூடேறிவிட்ட மாதிரி இருக்கும். சாப்பாடுகூட நின்றபடிதான். நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என் அக்கா சொன்னதுதான் சரி. "இவன் தாலி கட்டற நேரத்துல மணவறைய உட்டு எந்திரிச்சு மெஷின் பாக்கப் போயிருவான்" என்பாள்.

இப்படிப்பட்டவனிடம் ஒரு மாத்திரையை நீட்டி, தினமும் ஒன்று, ஆயுசுக்கும் போட வேண்டும் என்று சொன்னால் எப்படி இருக்கும்? நாற்பத்து மூன்று வயதில் எஸ்டேட் டிஸ்பென்சரியில் சொன்னார்கள். பிரஷர். மேல் நம்பர் நூற்று அறுபத்தைந்து, கீழ் நம்பர் நூறு. எங்கள் அப்பா பக்கவாதத்தில் விழுந்து எழாமலே போனவர். அதனால் பயந்தேன். ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டேன். நம்பர் இறங்கியது. இறங்கியதும் நிறுத்திவிட்டேன்.

இதில் எனக்கு ஒரு நியாயம் இருந்தது. டிரையரின் அடுப்புக்கு விறகு போடுகிறோம். சூடு காட்டுகிற முள் வர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டால் கையை நிறுத்திக்கொள்கிறோம். முள் சரியாக இருக்கும்போதே விறகைத் திணிக்கிறவனை நானே கண்டபடி திட்டியிருக்கிறேன். உடம்பும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். பிடரி வலித்தால் டிஸ்பென்சரிக்குப் போய்க் கையை நீட்டுவேன். நம்பர் ஏறியிருந்தால் பத்து நாள் மாத்திரை. இறங்கிவிட்டால் மாத்திரைக்கு லீவு. பதினோரு வருஷம் இப்படியே ஓட்டினேன். முள்ளைப் பார்த்து வேலை செய்கிறவனுக்குத்தான் இந்தப் புத்தி வரும். வேறு வேலையில் இருந்திருந்தால் ஒருவேளை பேசாமல் சொன்னதைக் கேட்டிருப்பேன்.

கடைசி மூன்று நான்கு வருஷங்களில் ஒரு விசேஷம் நடந்தது. மேல் நம்பர் அங்கேயே அடம்பிடித்து நின்றது. கீழ் நம்பர் மட்டும் தானாக இறங்கியது. நூறு, தொண்ணூறு, எண்பது, கடைசியில் எழுபது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, மாத்திரை இல்லாமயே பாதி சரியாயிருச்சு" என்று டிஸ்பென்சரி நர்ஸிடம் பெருமையடித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "ரெண்டு நம்பருக்கும் நடுவுல இவ்வளவு தூரம் இருக்கறது நல்லதில்லீங்க, பெரிய டாக்டரப் பாருங்க" என்றார். எனக்கு லாரி வருகிற நேரம். காதில் போட்டுக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

அக்காவுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் போய்விட்டன என்று தெரிந்தது அதற்கு அடுத்த வருஷம். அவள் என்னைவிட நான்கு வயது மூத்தவள். குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். அவளுக்கும் பிரஷர்தான். எங்கள் குடும்பத்துக்குச் சொத்தென்று வந்தது அது ஒன்றுதான். அவள் புருஷன் இறந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகள், இருபத்தாறு வயது, குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தை மாதத்தில் கல்யாணம் வைக்கலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

வாரம் இரண்டு நாள் ஊட்டிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அக்காவின் உடம்பு அதைத் தாங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பாதியில் பிரஷர் சரிந்து மயங்கிவிடுவாள். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால்தான் நல்லது, சொந்தத்தில் யாராவது இருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். மகள் உடனே "நான் தர்றேன்" என்றாள். அக்கா அன்றைக்கு டயாலிசிஸ் நடுவிலேயே கையிலிருந்து ஊசியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். "பெத்த புள்ளைய அறுத்து நான் பொழைக்கணுமா? அதுக்கு இப்பவே போயிருவேன்" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

"நான் எதுக்கு இருக்கேன்? குடும்பமா, குட்டியா?" என்றேன். ரத்த வகையும் ஒன்றே. அக்கா என்னையே பார்த்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. தம்பியிடம் வாங்கிக்கொள்வதில் அவளுக்குக் கூச்சம் இல்லை. சின்ன வயதில் என் பங்குச் சோற்றையும் பிடுங்கித் தின்றவள் அவள். "சரிடா, ஒண்ணு குடு. திருப்பிக் கேக்கக் கூடாது" என்றாள். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு வாழ்க்கையில் முதல்தடவையாக, நான் பிறந்ததற்கு ஒரு வேலை இருந்திருக்கிறது என்று தோன்றியது.

கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு நாள் கொடுத்தார்கள். நடுவில் பதினைந்து நாள் இருந்தது. வியாபாரிகள் ஃபேக்டரியைப் பார்க்க வருகிறார்கள் என்றால் நாங்கள் முந்தின வாரமே தரையைத் தேய்த்துக் கழுவி, மெஷினுக்கு எண்ணெய் போட்டு, சுவரில் சுண்ணாம்பு அடித்துவிடுவோம். வந்தவர்கள் திருப்தியாகப் போவார்கள். அதே வித்தையை உடம்பிலும் காட்டினேன். டிஸ்பென்சரி மாத்திரையைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று யாரையும் கேட்காமல் இரண்டாகப் போட்டேன். எழுந்தால் தலை சுற்றியது, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பொறுத்துக்கொண்டேன்.

கோவையில் நர்ஸ் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நூத்தி முப்பது, அறுபத்தெட்டு" என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல் இருந்தது. ஆனால் அவர்கள் அதோடு விடவில்லை. ஒரு நாள் முழுக்கக் கையிலேயே பட்டையைக் கட்டி அனுப்பினார்கள். இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். சிறுநீரைப் பிடித்தார்கள். அப்புறம் படுக்கவைத்து இரண்டு கை, இரண்டு கால் நாலிலும் பட்டை சுற்றி ஒரு பரிசோதனை. நாடித்துடிப்பு கையிலிருந்து காலுக்கு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கிற மெஷினாம். அசையாமல் படுங்கள் என்றார்கள். அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

டாக்டர் ஒரு பெண்மணி, என்னைவிடப் பத்து வயது இளையவர். காகிதங்களைப் புரட்டினார்.

"துடிப்பு ரொம்ப வேகமாப் போகுதுங்க" என்றார்.

"வேகமாப் போனா நல்லதுதானுங்க மேடம்?"

"இல்லீங்க. இறுகிப் போன குழாய்லதான் வேகமாப் போகும். எத்தன நாளா மாத்திரை போடறீங்க?"

"பதினோரு வருஷமாங்க."

"ஒரு நாள்கூட உடாம?"

"ஆமாங்க" என்றேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். எனக்கு அந்த நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை.

"இன்னைக்கு நம்பர் நல்லாத்தான் இருக்குங்க. நம்பர் இன்னைக்கு இருக்கற நெலமையச் சொல்லும். குழாயி இத்தன வருஷம் நடந்ததச் சொல்லும். நீங்க ஒழுங்காப் போட்டிருந்தா இது இப்படி இருக்காது" என்றார். திட்டுகிற குரல் இல்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

உண்மையைச் சொன்னேன். விறகு, முள் எல்லாம் சொன்னேன். கீழ் நம்பர் தானாக இறங்கியதையும், அதை நல்ல சேதி என்று நான் நினைத்ததையும் சொன்னேன். அவர் ஒரு காகிதத்தில் இரண்டு கோடு போட்டுக் குழாய் வரைந்தார். இதயம் அடிக்கும்போது பெரிய ரத்தக்குழாய் விரிந்து கொடுக்க வேண்டுமாம். விரிந்து, கொஞ்சம் ரத்தத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, அடுத்த அடிக்குள் சுருங்கி அதை முன்னால் தள்ள வேண்டுமாம். அப்போதுதான் ஓட்டம் சீராக இருக்கும். வருஷக்கணக்காக அழுத்தத்திலேயே கிடந்த குழாயின் சுவர் தடித்து இறுகிவிடுகிறது. விரிந்து கொடுக்காது. அதனால் அடிக்கிற நேரத்தில் மேல் நம்பர் எகிறும். பிடித்துவைத்தது எதுவும் இல்லாததால் அடுத்த அடி வருவதற்குள் கீழ் நம்பர் சரிந்துவிடும்.

"கீழ் நம்பர் இறங்குனது குணமில்லீங்க. அதுதான் நோயி முத்துனதுக்கு அடையாளம்" என்றார். "குழாயி வாங்கிக்க வேண்டிய அடிய இப்ப கிட்னிக்குள்ள இருக்கற சின்னச் சின்னக் குழாயி வாங்குது."

எனக்கு அது உடனே பிடிபட்டது. வாடிய இலையை ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பார்ப்பது என் தினசரி வேலை. பதமான இலை கையைத் திறந்ததும் மெல்ல விரிந்து வரும். அளவுக்கு மேல் காய்ந்தது நொறுங்கும். அதில் தண்ணீர் தெளித்தாலும் பழைய பதம் வராது.

"திரும்ப வருமாங்க?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் வரும். அழுத்தத்தாலயே விறைச்சு நிக்கறது, அழுத்தம் கொறைஞ்சாலே தளரும். சுவரே மாறிப்போனது மாசக்கணக்கா, வருஷக்கணக்கா மாத்திரை போட்டாத்தான் மெதுவா வழிக்கு வரும். எல்லாமே வந்துரும்னு சொல்ல மாட்டேன். ஆறு மாசம் ஒரு நாள் உடாமப் போட்டுட்டு வாங்க. அப்பப் பாக்கலாம்."

மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டு விவரம் எழுதுகிற பெண் உப்பைப் பற்றிக் கேட்டாள். குழம்பில் பாதியாகக் குறைத்துவிட்டேன், ஊறுகாய் கிடையாது, கருவாடு கிடையாது என்று வீராப்பாகச் சொன்னேன். பஸ்ஸில் மலையேறும்போதுதான் உறைத்தது. எஸ்டேட் ஆட்கள் நாங்கள், பால் விடாத கட்டன் சாயாவில் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டுத்தான் குடிப்போம். ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் எனக்குச் சாதாரணம். அதை நாங்கள் யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அன்றோடு நிறுத்தினேன். வெறும் சாயாவை வாயில் வைத்தபோது யாரோ என்னைக் கேலி செய்கிற மாதிரி இருந்தது.

அக்காவிடம் என்ன சொன்னேன்? "வரிசையில நெறையப் பேர் இருக்காங்க. ஆறு மாசம் ஆகுமாம்" என்றேன். அவள் நம்பினாள். நம்புவாள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

அந்த ஆறு மாதத்தைப் போல இன்னொன்றை நான் கடக்க மாட்டேன். பிரஷர் மெஷின் ஒன்று வாங்கி ஃபேக்டரி ஆபீஸ் மேசையில் வைத்துக்கொண்டேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று பார்த்தால் போதும் என்றிருந்தார் டாக்டர். நான் இலை இறங்கும்போது பார்த்தேன், இலை ஏறும்போது பார்த்தேன், பார்த்ததைச் சரிபார்க்க இன்னொரு முறை பார்த்தேன். பார்க்கப் பார்க்க நம்பர் ஏறியது. கோபத்தில் மெஷினை அலமாரியில் வைத்துப் பூட்டி, அரை மணி நேரத்தில் திறந்தேன். தினமும் நடக்கச் சொன்னார்கள். மெதுவாக நடக்கத் தெரியாமல் கூடலூர் ரோட்டில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். பஸ்காரர்கள் நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்த மாதங்களில் அக்காவின் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமை குன்னூருக்குப் போனால் மகள் ரகசியமாக, "மாமா, இன்னும் எத்தன பேர் இருக்காங்க வரிசையில?" என்று கேட்பாள். தை மாதக் கல்யாணத்தை அவள் சித்திரைக்குத் தள்ளியிருந்தாள். சித்திரையும் போய்விட்டது. நான் விரல்விட்டு எண்ணுகிற மாதிரி ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். அவர்கள் வீட்டில் என்னால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம் நிற்க முடியவில்லை.

ஆறு மாதம் முடிந்து கோவைக்குப் போனேன். ஒரு மாத்திரை விடவில்லை. அதே படுக்கை, நாலு பட்டை, அதே மெஷின். அசையாமல் படுத்தேன். டாக்டர் பழைய காகிதத்தையும் புதிய காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க. குழாயி தளர்ந்திருக்கு. முன்னால இருந்ததவிட துடிப்பு மெதுவாப் போகுது. ரெண்டு நம்பருக்கும் நடுவுல தூரமும் கொறைஞ்சிருக்கு. இப்படியே போனா உங்கப்பாவுக்கு வந்தது உங்களுக்கு வராமப் பாத்துக்கலாம்."

"அப்ப எப்ப ஆபரேஷனுங்க?"

சிரிப்பு போய்விட்டது. "சிறுநீர்ல புரதம் போயிட்டுத்தான் இருக்குங்க. இத்தன வருஷம் வாங்குன அடி கிட்னியில தங்கியிருச்சு. அது ரெண்டும் உங்களுக்கே வேணும். ஒண்ண எடுத்தா நாளைக்கு நீங்களும் அக்கா பக்கத்துல படுக்க வேண்டியிருக்கும்."

வாதாடினேன். என் உடம்பு, என் இஷ்டம் என்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று மிரட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்க போனாலும் இதே காகிதந்தாங்க வரும்" என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரே தெருவில் நாலு முறை போய் வந்தேன்.

மறுநாள் அக்காவுக்கு ஊட்டியில் டயாலிசிஸ். நான் போனபோது கையில் குழாய் செருகிப் படுத்திருந்தாள். மகள் வேலைக்குப் போயிருந்தாள். பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை என்று ஒன்று இல்லவே இல்லை என்பதையும், பதினோரு வருஷக் கதையையும் சொன்னேன். அக்கா மெஷினில் ரத்தம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும்தான் போடல" என்றாள் கடைசியில். எனக்கு அது தெரியாது. "அந்த மாத்திரை போட்டா நாலு தரம் ஒண்ணுக்கு வரும். மலைச்சரிவுல, கங்காணி ஒரு பக்கம், மருந்தடிக்கற ஆம்பளைங்க ஒரு பக்கம். ஒதுங்க எங்கடா எடம் இருந்துச்சு? லீவு நாள்ல மட்டும் போட்டேன். எங்க செட்டுல எல்லாப் பொம்பளைங்களும் அப்படித்தான்." என் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஒதுங்க எடமில்ல. உனக்கு என்னடா இல்ல?"

எனக்கு எல்லாம் இருந்தது. ஃபேக்டரியில் கக்கூஸ் இருந்தது, டிஸ்பென்சரி கூப்பிடு தூரத்தில் இருந்தது, மாத்திரை மேசை டிராயரிலேயே இருந்தது. திமிர் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மெஷின் நின்று நான் கிளம்பும்போது, "அவகிட்டச் சொல்லிராத. வரிசை இன்னும் இருக்குன்னே சொல்லு" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு மாசம் முடிஞ்சிருச்சே மாமா, என்ன சொன்னாங்க?" என்றாள். வரிசை என்று வாயெடுத்தேன். வரவில்லை. பொய் சொல்லிச் சொல்லி நாங்கள் வந்து நின்ற இடம் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. உண்மையைச் சொன்னால் இவள் என்ன செய்வாள் என்பதும் தெரிந்திருந்தது. சொல்லாமல் விட்டால் அக்கா இருக்க மாட்டாள். சொன்னேன். அவள் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, "எந்த டாக்டர்னு சொல்லுங்க" என்றாள்.

அக்கா ஒரு மாதம் போராடினாள். சாப்பிடாமல் இருந்தாள். இரண்டு டயாலிசிஸுக்குப் போக மறுத்தாள். இரண்டாவது முறை மூச்சு முட்டி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு, "டெஸ்ட்டு மட்டும் எடுத்துக்கட்டும். ஒத்துக்காதுன்னு அவங்களே சொல்லிருவாங்க" என்று இறங்கி வந்தாள். அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. எங்கள் தாத்தாவுக்குப் பிரஷர், அப்பாவுக்குப் பிரஷர், அவளுக்கு, எனக்கு. அது இவளை மட்டும் விட்டுவிடுமா?

மூவரும் கோவைக்குப் போனோம். அக்காவை வராந்தா நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான் அவள் மகளோடு உள்ளே போனேன். நர்ஸ் அவள் கையில் பட்டையைச் சுற்றினார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறு, ஏறு என்று மனதுக்குள் சொன்னேன். ஆறு மாதமாக ஒவ்வொரு நாளும் இறங்கு, இறங்கு என்று கெஞ்சிய அதே வாய்தான். ஒரு சின்னப் பெண்ணுக்கு நோய் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அக்கா வெளியே அதையேதான் வேண்டிக்கொண்டிருப்பாள் என்பதும் தெரிந்தது.

பிறகு நாலு பட்டை மெஷின். டாக்டர் காகிதத்தைப் பார்த்து, "அருமையான குழாயி. நல்லா விரிஞ்சு குடுக்குது" என்றார். இருபத்தாறு வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வெளியே வந்தேன். அக்கா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். ஏறியிருக்கிறது என்று ஒரு வார்த்தை, நான் எத்தனையோ முறை சொன்ன மாதிரி ஒரு பொய், இப்போதும் சொல்ல மாட்டேனா என்று கேட்கிற பார்வை.

"எவ்வளவுடா?" என்றாள்.

"நூத்திப் பத்து, எழுபது."

அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அந்தப் பக்கமாக வந்த நர்ஸ், ஏதோ கெட்ட சேதி என்று நினைத்து, அவள் தோளைத் தொட்டு, "அழுவாதீங்கம்மா, உங்க பொண்ணுக்கு எல்லாம் நார்மலாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.